மூடாத பெட்டி

பெட்டி மூடவில்லை.

மூடியின் மேல் முழங்காலை வைத்து அழுத்தினேன். இரண்டு விரற்கடை இடைவெளி அப்படியே நின்றது.

"எல்லாத்தையும் வெளிய எடுங்க, பிரபா. முதல்ல இருந்து அடுக்குங்க," என்றார் அருள்மொழி.

"இப்பத்தானுங்க மேடம் அடுக்கினேன்."

"மறுபடி."

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நாமக்கல்லில் துப்பறியும் அலுவலகம் நடத்தும், நானே வரவழைத்த ஒரு பெண்மணி, காலையிலேயே மலையேறிச் செம்மேட்டுக்கு வந்து, என் கணவர் எப்படிச் செத்தார் என்று கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, என்னை லாரியின் கருவிப் பெட்டியை அடுக்கச் சொல்லி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளர் கருப்பண்ணன் செல்போனைத் தூக்கிப் பிடித்து அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அரசாங்கம் பையை வாங்கிக்கொண்டதே தவிர வாயை வாங்கிக்கொள்ளவில்லை.

"உள்ள போ, உள்ள போ. படியில நிக்காத," என்று நான் வைத்த வீல் ஸ்பானரைப் பார்த்துச் சொன்னார். "கயிறு, நீ அந்தப் பக்கமா ஒதுங்கு. லேடீஸ் வாராங்க."

"கருப்பண்ணன்," என்றார் அருள்மொழி.

"சரிங்க மேடம். வாயில விசில் இல்லாதது ஒண்ணுதான் குறை."

அது என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்த தகரப் பெட்டி. மினி லாரி வாங்கியபோது தனபால் அதைக் கேட்டு வாங்கி, சீட்டுக்குக் கீழே பொருத்திக்கொண்டார். உள்ளே அடுக்குவது என் வேலை. அவர் அடுக்கினால் மேலே இருக்க வேண்டியது அடியில் போய்விடும். மூலையில், எண்ணெய் அழுத்தத்தில் வண்டியைத் தூக்கும் ஆயில் ஜாக்கி நிற்க வேண்டும். அதை ஒட்டி ஸ்பானரும் அதற்குள் செருகும் இரும்புக் குழாயும். டயருக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள் இரண்டும் கைக்கு எட்டும்படி முன்னால். பிறகு கயிறு, கட்டுக்கம்பி, ப்ளேயர், ஃபேன் பெல்ட், டார்ச், ரோட்டில் வைக்கும் சிவப்பு முக்கோணம், காயத்துக்குக் கட்ட வெள்ளைத் துணி. டீசல் டேங்க் ஒழுகினால் அடைக்க ஒரு துண்டு துணி சோப்பு. இருட்டில் கையை விட்டாலும் எது எங்கே என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பெட்டிதான் என் கணவர் செத்த வழக்கில் சாட்சியாகி, போலீஸ் ஸ்டேஷனில் பல மாதம் கிடந்தது. வக்கீல் மனுப் போட்டு, பார்வையிட என்று ஒரு நாளைக்கு வாங்கித் தந்திருந்தார். மறுநாள் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும்.

மறுநாள் இன்னொன்றும் நடக்க இருந்தது. தனபாலோடு வண்டியில் போன கிளீனர் சின்னுசாமி, குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தான்.

அவன் இதே மலையில் குண்டூர் நாட்டுக்காரன். எங்களிடம் வேலைக்கு வந்து வெகு காலம். பெட்டியை அடுக்கிய அந்தக் காலையில் என் வீட்டு வாசலில், அருள்மொழியின் காருக்குப் பின்னால், தெருவில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தான். போலீஸ் சொன்னது இதுதான். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு லோடோடு மலை இறங்கும்போது பின் டயர் பஞ்சர். தனபால் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கியிருக்கிறார். சின்னுசாமி முன் டயருக்குக் கட்டை போட மறந்துவிட்டான். சரிவில் வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து நழுவி, அச்சுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருந்த தனபால் மேல் இறங்கிவிட்டது. ஜாக்கியில் பழுதில்லை என்று வாகன ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே பழுது சின்னுசாமியிடம்.

"கட்டை போட்டியா இல்லியா?" என்று அருள்மொழி அவனிடம் எத்தனையாவது முறையாகவோ கேட்டார்.

"போட்டேனுங்க."

"நிச்சயமா?"

அவன் தரையைப் பார்த்தான். "போட்டேன்னுதானுங்க நெனச்சுட்டு இருந்தேன். எல்லாரும் போடல, போடலன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே தெரியலீங்க. கட்டை ரெண்டும் பெட்டிக்குள்ள இருந்துச்சுன்னு சுப்பண்ணன் சொல்றாரே. அவரு பொய் சொல்ற ஆளு இல்லீங்களே."

சுப்பண்ணன் அன்று எங்கள் வண்டிக்குப் பின்னால் வந்த இன்னொரு மினி லாரியின் ஓட்டுநர். முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். சிதறிக் கிடந்த சாமான்களைப் பெட்டியில் எடுத்துப் போட்டவரும் அவர்தான்.

"வண்டி உருண்டுச்சா?"

"அதுதானுங்க நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். உருளலீங்க. அப்படியே உக்காந்துச்சு."

"ஜாக்கி நல்லா இருக்கறப்ப வண்டி எப்படி உக்காரும்?"

  கேட்டுவிட்டு அருள்மொழி காரின் டயரை ஓர் உதை உதைத்தார்.

நான் கடைசியாக ஜாக்கியை எடுத்து மூலையில் நிறுத்தினேன். போலீஸார் அதை மட்டும் தனியாகக் காடாத்துணியில் சுற்றி, மேலே ஓரமாக முடிச்சுப் போட்டு அரக்கு வைத்திருந்தார்கள். அந்த அரக்கு முத்திரையை உடைக்கக் கோர்ட் அனுமதி இருந்தாலும், அவசியமானால் மட்டுமே உடைக்க வேண்டும் என்று அருள்மொழி முதலிலேயே சொல்லியிருந்தார். மூடியை இறக்கினேன். அதே இரண்டு விரற்கடை.

"இந்தப் பெட்டி எப்பவும் மூடுமா?"

"பூட்டே போடுவோமுங்க."

"அப்ப இதுல டிக்கெட் எடுக்காத ஆளு எவனோ ஏறியிருக்கான்," என்றார் கருப்பண்ணன். "எல்லாரும் உக்காந்த பின்னாடியும் ஒருத்தன் நிக்கறான்னா, அவன் நம்ம பஸ் இல்ல."

அருள்மொழியின் முகம் மாறியது. "பிரபா, இதுல எது உயரமா நிக்குது?"

"ஜாக்கிங்க."

"உங்க ஜாக்கியா இருந்தா மூடணும். மூடல. அப்ப இது உங்க ஜாக்கி இல்ல. யாரோ மாத்தியிருக்காங்க. கருப்பண்ணன், போனை நேராப் பிடிங்க. சீலை உடைக்கறேன்."

 சின்னுசாமி எழுந்து வந்து நின்றான். அரக்கு தெறித்தது. நாலைந்து சுற்றுத் துணி அவிழ்ந்தது. சிவப்பு ஜாக்கி. நான் அதைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பார்த்தேன். தனபால் ஆணியால் கீறிய இரண்டு கோடுகள் இருந்தன.

"எங்களதுதானுங்க," என்றேன்.

"நல்லாப் பாருங்க."

"எங்களதுதான்."

துணியில்லாமல் அதை மூலையில் நிறுத்தி மூடியை இறக்கினேன். 'டக்' என்று மூடிக்கொண்டது. அரக்கு முடிச்சுதான் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

 அருள்மொழி வாசற்படியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"டிக்கெட் இல்லாத ஆளு போலீஸ்காரங்க துணிதானுங்க மேடம்," என்றார் கருப்பண்ணன். "அவங்க எப்பவுமே டிக்கெட் எடுக்க மாட்டாங்க."

"வாய மூடுங்க."

"பெட்டியே மூடிருச்சு. நான் மூட மாட்டனா?"

சின்னுசாமி என் பக்கம் வந்தான். "விடுங்கக்கா. நாளைக்கு ஒத்துக்கிறேன். கொஞ்ச நாள்ல வெளிய வந்தறலாம்னு வக்கீல் சொல்றாரு. நீங்க இதுக்காக அலையாதீங்க."

"போட்டவன் எதுக்குடா ஒத்துக்கணும்?"

"போட்டனான்னு தெரியலியேக்கா!" என்றான். "ராத்திரி கண்ண மூடுனா ஒரு நாளு போடறேன், ஒரு நாளு போடல."

 அவன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே பெட்டியைத் திறந்து, இன்னொரு முறை எடுத்து வைக்கலாம் என்று குனிந்தேன். மேலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது ஜாக்கியின் தலை. வண்டியின் அச்சைத் தாங்கும் வட்டமான இரும்பு. அதில் ஒரு பொட்டு இருந்தது. மஞ்சள் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். நான் வைப்பது போலவே.

நான் வைத்ததுதான். ஆயுத பூஜைக்கு வைத்தது. தனபால் செத்தது பூஜைக்கு மறுநாள், முதல் நடையில். அந்தப் பெட்டியில் எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. ஸ்பானரில், ப்ளேயரில், டார்ச்சில்கூட. எல்லாவற்றிலும் இருந்ததால் யாரும் எதையும் பார்க்கவில்லை. போலீஸும் பார்க்கவில்லை, ஆய்வாளரும் பார்க்கவில்லை, காலையிலிருந்து நானும் பார்க்கவில்லை.

"மேடம்," என்றேன். "இந்தப் பொட்டு முழுசா இருக்குதுங்க."

"எந்தப் பொட்டு?"

"ஜாக்கித் தலையில."

"எல்லாத்துலயும்தான் இருக்குது," என்று சலித்துக்கொண்டே எழுந்து வந்தவர், பெட்டிக்குள் பார்த்ததும் நின்றுவிட்டார். கருப்பண்ணனும் போனோடு எட்டிப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அன்று அதுதான் முதல் தடவை.

"லோடு லாரியத் தூக்கின ஜாக்கி," என்று அருள்மொழி மெதுவாகச் சொன்னார். "அதோட உச்சந்தலையில வெச்ச சந்தனம் உதிரக்கூட இல்ல."

"ஆய்வாளர் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்னு எழுதியிருக்காருங்களே?"

"கையில வெச்சு பம்ப் அடிச்சுப் பாத்திருப்பார். மேல ஏறுதா, ஏறுது. நல்லா இருக்குது. கையெழுத்து. எதையாவது தூக்கிப் பாத்திருந்தா இது அழிஞ்சிருக்கும்." அவர் சின்னுசாமியிடம் திரும்பினார். "அன்னிக்கு ஜாக்கி போட்டதப் பாத்தியா?"

"பாத்தேனுங்க. சிவப்பு ஜாக்கி. அண்ணன்தான் அடியில வெச்சு அடிச்சாரு."

"சிவப்பு ஜாக்கி. ஆனா இந்த ஜாக்கி இல்ல. இது உங்க ஜாக்கி, பிரபா. அதுதான் விஷயம். இவ்வளவு நேரமா வேற ஜாக்கி உள்ள வந்துருச்சான்னு தேடிட்டு இருக்கேன். உங்க ஜாக்கி அன்னிக்கு உங்க வண்டியிலயே இல்ல. பூஜை முடிஞ்சு சாமான எங்க வெச்சீங்க?"

செம்மேடு ஸ்டாண்டில் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். எல்லா வண்டிக்காரர்களும் கருவிகளைக் கொண்டுவந்து ஒரே தார்ப்பாயில் பரப்புவார்கள். அவரவர் வீட்டுப் பெண்கள் அவரவர் சாமானுக்குப் பொட்டு வைப்போம். பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. விடிந்ததும் லோடு காத்திருக்கும். ஆண்கள் அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அன்றைக்குப் பனி வேறு. தனபால் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"உங்க சாமானுக்குப் பக்கத்துல யாரோடது இருந்துச்சு?"

சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"சுப்பண்ணனுது," என்றேன்.

*

சுப்பண்ணன் நல்லவர். அவரும் மலைக்காரர்தான், திருப்புலி நாட்டுப் பக்கம். தனபாலின் உடலை மடியில் போட்டுக்கொண்டு மலை இறங்கியவர். காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் விறகு பிளந்து போட்டவர். அதனால் ஸ்டாண்டுக்குப் போகும் வழியெல்லாம், இது பொய்யாகிவிட வேண்டும் என்றும் மெய்யாக வேண்டும் என்றும் மாறி மாறி நினைத்துக்கொண்டு போனேன்.

நாலைந்து வண்டிகள் நின்றன. சுப்பண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். கருப்பண்ணன் நேராக அவரிடம் போனார்.

"ஏனுங்க, நம்ம காரு பஞ்சராகிப் போச்சு. உங்க ஜாக்கியக் கொஞ்சம் குடுங்க."

"எங்கிட்ட இல்லீங்க. அந்த வண்டியில கேளுங்க."

"இல்லீங்களா? இந்த மலையில நான் பஸ்ஸுல போயி வந்த காலத்துல, ஜாக்கி இல்லாத டிரைவரையும் வாந்தி எடுக்காத பயணியையும் பாத்ததே இல்லீங்க."

பக்கத்தில் நின்ற இளம் டிரைவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணா, உங்க சீட்டுக்குப் பின்னாடி சாக்குல சுத்தி ஒண்ணு வெச்சிருக்கீங்களே? நாங்கூட அன்னிக்கு எடுக்கப் போயி நீங்க சத்தம் போட்டீங்க."

சுப்பண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அப்போதுதான் என்னையும் சின்னுசாமியையும் பார்த்தார்.

"எடுங்கண்ணா," என்றேன்.

அவர் மறுக்கவில்லை. சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்து தரையில் வைத்தார். சிவப்பு ஜாக்கி. தலையில் விபூதிப் பட்டையும் குங்குமமும். அவர் மனைவி வைப்பது அப்படித்தான். ஆனால் பட்டை நசுங்கி, குங்குமம் கிரீஸோடு கலந்து, நடுவில் அச்சின் விளிம்பு குறுக்காகப் பதிந்திருந்தது.

கருப்பண்ணன் அதைப் படம் எடுத்ததும், தடம் அழியாமலிருக்க அருள்மொழி அதன் தலையில் ஓர் அட்டைத் துண்டை வைத்தார். "அங்க நிக்கற காலி வண்டியத் தூக்குங்க, கருப்பண்ணன். டயருக்குக் கட்டை குடுத்துட்டு."

கருப்பண்ணன் அடித்தார். பின்பக்கம் மேலே ஏறியது. டயர் தரையை விட்டது. எல்லோரும் விலகி நின்றார்கள். ஸ்டாண்டில் டீ கடை ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஜாக்கியின் கழுத்தில் எண்ணெய் கசிந்தது. வண்டி உருளவில்லை, ஆடவில்லை, நழுவவில்லை. பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு அப்படியே கீழே இறங்கி உட்கார்ந்தது.

"இப்படித்தான்," என்றான் சின்னுசாமி. "இப்படித்தானுங்க. இப்படியேதான் உக்காந்துச்சு!" அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, நான் கட்டை போட்டேன். எனக்கு இப்பத் தெரியுதக்கா. ரெண்டையும் போட்டு, காலால ஒதச்சுப் பாத்தேன்."

"போட்டுத்தான் இருந்துச்சு," என்றார் சுப்பண்ணன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னிடம் மட்டும் பேசினார்.

"அந்த ஜாக்கி லீக்குன்னு எனக்குத் தெரியும் அம்மிணி. வாஷர் மாத்தணும் மாத்தணும்னு தள்ளிட்டே வந்தேன். நான் தூக்குனா பக்கத்துலயே ஒரு மரத்துண்டக் குடுத்துக்குவேன். அது குணம் எனக்குத் தெரியும், தனபாலுக்குத் தெரியாது. பனியில மாத்தி எடுத்துட்டேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அங்க போயி எறங்கி அச்சுக்கடியில பாக்கறேன், எஞ்சாமான் கெடக்குது. ஓடிப் போயி என் பெட்டியப் பாக்கறேன், அவன் சாமான் நிக்குது."

"அப்புறம்?" என்றார் அருள்மொழி.

"பஸ்ஸுல வந்த சனம் கம்பு குடுத்து வண்டியத் தூக்கி ஆள எடுத்தாங்க. அவங்க அந்தப் பக்கம் போனதும் மாத்திப் போட்டேன். கட்டையையும் எடுத்து உள்ள போட்டுட்டேன். அப்ப யோசிக்கல. போலீஸு கேட்டப்ப, கட்டை எங்க இருந்துச்சுன்னு கேட்டாங்க. பெட்டியிலன்னு வாயில வந்துருச்சு. ஒரு தடவ வந்தத அப்புறம் மாத்த முடியல."

"இதைத் தூக்கிப் போட்டிருக்கலாமே?" என்று கருப்பண்ணன் கேட்டார். கிண்டல் இல்லாத குரல்.

"பூசை போட்ட சாமானுங்க. எங்க கொண்டு போயிப் போடறது?"

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அருள்மொழி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பது போல. கேட்டேன்.

"அண்ணா. சனம் கம்பு தேடிட்டு இருந்தப்ப, எங்க ஜாக்கி உங்க வண்டியில இருந்துச்சு. நல்ல ஜாக்கி. அதப் போட்டு உடனே தூக்கியிருந்தா?"

சுப்பண்ணன் வாயைத் திறந்தார். கண்டக்டர், டிரைவர்கள், டீக்கடைக்காரர் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்து, சாக்கை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் கேள்விக்கு இன்று வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. உடனே உயிர் போய்விட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஜாக்கியில் பழுதில்லை என்று ஆய்வாளரும்தான் எழுதியிருந்தார்.

*

அன்று சாயங்காலமே மலை இறங்கினோம். முன் சீட்டில் அருள்மொழியும், வண்டி ஓட்டிய கருப்பண்ணனும். பின்னால் நானும் சின்னுசாமியும். சுப்பண்ணன் தன் வாக்குமூலத்தைக் கொடுக்க, இரண்டு டிரைவர்களோடு எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

பெட்டியில் மற்றவற்றை அடுக்கி மூடி டிக்கியில் வைத்தாயிற்று. ஜாக்கியை மட்டும் அதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. குலுங்கினால் மூடியில் தலை உரசும். மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"காலையில எடுத்த வீடியோ இருக்குது பிரபா," என்றார் அருள்மொழி திரும்பாமல். "இனி அழிஞ்சாலும் கேஸ் நிக்கும்."

"இருக்கட்டுங்க."

பாதி மலையில் தூறல் பிடித்தது. என் பக்கத்துக் கண்ணாடி முழுசாக ஏறாது. சாரல் உள்ளே அடித்தது. நான் சேலைத் தலைப்பை எடுத்து ஜாக்கியின் மேல் கூடாரம் போலப் பிடித்தேன், துணியும் பட்டுவிடாமல்.

தனபால் செத்த அந்த வளைவு வந்தபோது யாரும் சொல்லவில்லை. கருப்பண்ணன் வேகத்தைக் குறைத்ததிலிருந்து தெரிந்துகொண்டேன். காலையிலிருந்து ஓயாமல் பேசியவர், ஒரே ஒரு வார்த்தை சொன்னார், பஸ்ஸில் வயதானவர்கள் ஏறும்போது சொல்வது போல.

"புடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். சின்னுசாமி தன் கையை நீட்டி, ஜாக்கியின் அடிப்பாகத்தை, தனபால் கீறிய கோடுகள் இருந்த இடத்தைத் தாங்கிக்கொண்டான். வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் இருவரும் இடப்பக்கம் சாய்த்தோம். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். அடிவாரத்தில் காரவள்ளி வரும்வரை ஒவ்வொரு வளைவிலும், நான் வைத்த அந்தப் பொட்டின் மேல் எதுவும் படவில்லை.